உப்பு, உடைமுள், தூக்குக்குண்டு: ஞாயிறு பள்ளியின் பொருள்பாடங்கள்

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: பிள்ளைகளுக்கு எதையும் கையில் காட்டிச் சொல்லுங்கள் என்பது. வேதாகமத்திலேயே இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. எரேமியாவைக் கர்த்தர் சணல் கச்சை வாங்கிக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார், குயவன் வீட்டுக்கு அனுப்புகிறார், மண்கலசத்தைப் பலர் பார்க்க உடைக்கச் சொல்கிறார். இயேசுவும் விளக்கு, உப்பு, புளித்த மா, காசு என்று அக்காலத்து வீடுகளில் புழங்கிய பொருள்களையே எடுத்துப் பேசினார். ஆனாலும் எந்தப் பொருளை எடுக்கிறோம், அது பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே புழங்குகிற பொருள்தானா, வசனம் சொல்வதை அது தானே செய்து காட்டுகிறதா என்பவற்றைப் பொறுத்துத்தான் பாடம் மனத்தில் தங்குகிறது என்பது தூத்துக்குடிப் பக்கத்துச் சிறு சபையொன்றில் வகுப்பெடுத்து வரும் என் எண்ணம்.

வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி நாள்களில் பலரும் விரும்பிச் செய்யும் ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். அயோடின் கலந்த பழுப்பு நீரில் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசலை ஊற்றினால் நிறம் சட்டென்று மறையும். இயேசுவின் இரத்தம் பாவத்தைக் கழுவுவது இப்படித்தான் என்று சொல்லி முடிப்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போய் "டீச்சர் மேஜிக் காட்டினாங்க" என்பார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பள்ளி ஆய்வகத்தில் அதே நிறமாற்றத்தைப் பார்க்கிறபோது, அன்று நமக்குச் சொன்னது வெறும் வேதியியல்தானே என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினால் அதற்கு யார் பொறுப்பு?

சுவிசேஷத்தை நிறங்களால் சொல்லும், எழுத்தே இல்லாத வண்ணப் பக்கப் புத்தகத்தைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல் உண்டு. 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் ஆற்றிய பிரசங்கத்தில் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பக்கங்களோடு தொடங்கியது அது. பின்னால் வந்தவர்கள் பொன்னிறத்தையும் பச்சையையும் சேர்த்தார்கள். கருப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் சுத்தமான இருதயம். உப்பளத்து வெயிலில் வேலை செய்யும் தாய் தகப்பனுக்குப் பிறந்து, நிறத்தைச் சொல்லித் தெருவிலும் பள்ளியிலும் கேலி செய்யப்படுகிற ஒரு சிறுமியின் முன்னால் கருப்புப் பக்கத்தைத் திறந்து வைத்து இதுதான் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்ற உன்னதப்பாட்டு வசனமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. சிறு பிள்ளைகள் உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்ளாமல் கண்டதைக் கண்டபடியே எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

பாவத்தைப் பற்றிப் பேச நான் கொண்டு போவது உடைமுள் ஏறிய ரப்பர் செருப்பு. எங்கள் ஊரில் அதை அறியாத பிள்ளை கிடையாது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடந்தால் அடிக்கு அடி குத்தும். முள்ளைப் பிடுங்காமல் செருப்பைக் கழுவிப் பயனில்லை. செருப்பை வாங்கி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த பிள்ளைக்கு நான் மேற்கொண்டு அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

"நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்ற வசனம் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்ததைப் போல வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்குமா என்பது ஐயமே. ஒரே பானையில் வடித்த கஞ்சியை இரண்டு சட்டிகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்து வைப்பேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆளுக்கொரு வாய் குடித்தவுடன் எது எது என்று தெரிந்துவிடும், ஆனால் உப்பை எடுத்துக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. நன்மை செய்கிறவன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கரைந்து நிற்பதைச் சொல்ல அது போதும். அடுத்து, காய்ந்த நெத்திலியை ஓர் ஓலைக் கொட்டானில் வைத்துச் சுற்றிவரக் கொடுப்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கையில் எடுக்கும் பிள்ளைகள், மீன் நாறிப் போகாமல் இருப்பது உப்பினால்தான் என்பதை என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்வார்கள். கலிலேயாக் கடலோரத்திலும் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தினார்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்.

இந்தப் பாடத்தில் ஒரு சிக்கலும் உண்டு. "உப்பானது சாரமற்றுப்போனால்" என்று வசனம் தொடர்கிறதே, உப்பு எப்படி டீச்சர் சாரமற்றுப் போகும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். சுத்தமான உப்பு அப்படிப் போகாது என்பது உண்மை. ஆனால் சவக்கடலோரத்து உப்பில் ஜிப்சம் போன்ற வேறு தாதுக்களும் கலந்திருந்தன. ஈரம் பட்டு உப்பு மட்டும் கரைந்து வெளியேறினால், பார்க்க உப்பைப் போன்ற, ஆனால் சுவையற்ற ஒன்று எஞ்சும் என்று உரையாசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் பருவம் தப்பி மழை பெய்தால் என்னவாகும் என்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் அந்நியமாக இருப்பதில்லை.

கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஆமோஸ் ஏழாம் அதிகாரத்துத் தூக்குநூலை, அதாவது சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் குண்டு கட்டித் தொங்கவிடும் நூலை, விட்டுவிடக் கூடாது. தூக்குக்குண்டை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, ஆலயத்துச் சுவரோரம் அதைத் தொங்கவிட்டால், பூச்சு எங்கே புடைத்திருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். சுவருக்குத் தக்கபடி நூல் வளைந்து கொடுப்பதில்லை என்பதை நேர்மைக்குச் சொன்னால் போதும். நியாயத்தீர்ப்பு வரை இழுத்துச் சென்று சிறுவர்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. புளித்த மா உவமைக்கு இட்லி மாவைவிட உறைமோர்தான் பொருந்தும், ஏனென்றால் அதில்தான் பழையதில் ஒரு துளி புதியதில் சேர்ந்து பால் முழுவதையும் மாற்றுகிறது. ஆனால் மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் நல்லதாக வரும் புளித்த மா பதினாறாம் அதிகாரத்தில் எச்சரிக்கையாக வருவதால், இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது பொருளைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு சிறுமி தூக்குச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கிறிஸ்துமஸுக்கு அதில் முறுக்கும் அதிரசமும் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதாகவும், அந்த வீட்டு அத்தை சட்டியை வெறுமையாகத் திருப்பித் தராமல் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு கொடுத்ததாகவும் சொன்னாள். "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா வசனத்தை அவளே சொல்லிவிட்டாள். உடனே பின்வரிசைப் பையன் ஒருவன், "திருப்பித் தராதவங்களுக்கு அடுத்த வருஷம் கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். அவள் யோசித்து, அம்மாவிடம் கேட்டு வருகிறேன் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு, பதில் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கச் சொல்லும் லூக்கா பதினான்காம் அதிகாரத்தை எடுத்தோம். பொருள் எதுவும் நான் கொண்டு போகவில்லை.