மூச்சுக்குழாயின் சுவர் எந்த எண்ணில் தொடங்குகிறது?

சிடி ஸ்கேனிலிருந்து மெய்நிகர் பிராங்கோஸ்கோபி காட்சியை (மூச்சுக்குழாய்க்குள் பறப்பதுபோல் கணினி வரையும் படத்தை) நிகழ்நேரத்தில் ஓட்டுவதற்கு இன்று வேகம் பெரிய தடை இல்லை. 512 × 512 ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) ஒன்று, பிக்செலுக்கு 2 பைட் வீதம் அரை எம்பி. 500 ஸ்லைஸ் சேர்ந்தாலும் 250 எம்பிதான். சாதாரண ஜிபியுவிலேயே (கிராஃபிக்ஸ் அட்டையிலேயே) அடங்கிவிடும். உண்மையான சிக்கல் சுவர் எங்கே என்று முடிவு செய்வதில் இருக்கிறது.

சிடியின் அடர்த்தி அளவான ஹௌன்ஸ்ஃபீல்டில் காற்று -1000, மென்திசு ஏறக்குறைய 40. நடுவில் -500ஐ எல்லையாக வைத்து, அதற்கு மேல் சுவர், கீழ் காற்று என்று கொண்டால் டிரக்கியா (தொண்டையிலிருந்து இறங்கும் பெருங்குழாய்) அருமையாக வரும், குருத்தெலும்பு வளையங்கள்கூடத் தெரியும். ஆனால் 350 மி.மீ. பரப்பை 512ஆல் வகுத்தால் ஒரு வாக்செல் (முப்பரிமாணப் பிக்செல்) சுமார் 0.7 மி.மீ. அப்படியானால் 2 மி.மீ. கிளையின் குறுக்கே மூன்று வாக்செல்தான் இருக்கும்; அதன் சுவர் ஒரு வாக்செல் தடிமன்கூட இராது. சுவரும் இருபுறக் காற்றும் ஒரே வாக்செலில் சராசரியாகி, மதிப்பு -700 பக்கம் இறங்கிவிடுகிறது. அங்கே -500 என்ற எல்லை சுவரில் ஓட்டை போடும். -800க்கு இறக்கினால் ஓட்டை மூடும், ஆனால் குழாய் உள்ளதைவிடக் குறுகலாகத் தெரியும். ஸ்கேனின் இரைச்சல் டிரக்கியாவுக்குள் துகள்களாக மிதக்கும்.

ஆகவே கிளைவிடும் மொத்த மூச்சுக்குழாய் மரத்துக்கும் ஒரே எண் என்பது சரிப்படாது. முதலில் டிரக்கியாவில் விதை வைத்து ரீஜன் குரோயிங் (விதையை ஒட்டிய, எல்லைக்குக் கீழான வாக்செல்களைச் சேர்த்துக்கொண்டே போகும் முறை) மூலம் காற்றுப்பாதையைப் பிரித்தெடுங்கள். எல்லையை -950இலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் கன அளவைக் கவனியுங்கள். திடீரென்று பல மடங்காக எகிறினால் நுரையீரல் திசுவுக்குள் கசிந்துவிட்டது என்று பொருள் (அதுவும் -850 சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது). முந்தைய படிக்குத் திரும்புங்கள். பிறகு மையக்கோட்டை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் குழாயின் விட்டத்துக்கேற்ப எல்லையை மாற்றுங்கள்.

நிகழ்நேரத்தின் உண்மையான பலன், உள்ளே பறப்பதைவிட, இந்த எல்லையைக் கையால் நகர்த்திப் பார்ப்பதில் இருக்கிறது என்பேன். ஒரு குறுகல் தெரிகிறதா? ஸ்லைடரை -400இலிருந்து -700 வரை இழுத்துப் பாருங்கள். குறுகல் அசையாமல் நின்றால் நம்பலாம். வந்து வந்து போனால் அது எல்லையின் வேலை. இதற்கு ஃபிரேம் 33 மில்லிசெகண்டுக்குள் வரவேண்டும். சுவரை முன்கூட்டியே முக்கோணங்களாலான வலையாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வலையை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். திரையின் ஒவ்வொரு பிக்செலிலிருந்தும் வாக்செல்களுக்குள் கதிர் விட்டுச் சுவரைத் தேடும் நேரடி ரே காஸ்டிங்கில் அந்தத் தொல்லை இல்லை. கதிரின் அடி அரை வாக்செல் போதும். சுவரைத் தொட்டதும் கடைசி அடியை நான்கைந்து முறை பாதி பாதியாகப் பிரித்துத் தொட்ட இடத்தைத் திருத்துங்கள். இதை விட்டால் சுவரெங்கும் மரப்பலகையின் ரேகை போலக் கோடுகள் விழும்.

ஸ்கேன் சரியில்லை என்றால் இதெல்லாம் வீண். ஸ்லைஸ் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி மறுகட்டமைப்பு, முழு மூச்சை இழுத்து ஒரே பிடியில் எடுத்தது என்று இருக்கவேண்டும். நுரையீரலுக்கென்ற கூர்மையான கெர்னல் (மறுகட்டமைப்பு வடிகட்டி) இரைச்சலைக் கூட்டும். மென்மையான கெர்னல் கேளுங்கள். இதயத்தை ஒட்டிய லிங்குலா (இடது நுரையீரல் மேல்மடலின் கீழ்ப்பகுதி) கிளைகளில் துடிப்பினால் படிப்படியாய் உடைவு வரலாம், அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டைகாம் (மருத்துவப் பட வடிவம்) கோப்பில் அடிக்கடி நடக்கும் தவறு: ஸ்லைஸ்களின் இடைவெளிக்குப் பதில் தடிமனை எடுப்பது. தடிமன் 1.25, இடைவெளி 0.625 என்றால் டிரக்கியா இரு மடங்கு நீண்டுவிடும். அடுத்தடுத்த ஸ்லைஸ்களின் நிலைப்புள்ளிகளைக் கழித்து இடைவெளியைக் கணக்கிடுங்கள்.

சளிக்கட்டியும் கட்டியும் இந்தக் காட்சியில் ஒரே மாதிரி மேடாகத்தான் தெரியும். சளிச்சவ்வின் நிறம், வீக்கம், ரத்தநாளங்கள் எதுவும் வராது. திரையில் தெரியும் இளஞ்சிவப்பு நாம் பூசியது. அதனால் குறுக்குவெட்டுப் படத்தைப் பக்கத்திலேயே வைத்து, கேமரா இருக்கும் புள்ளியை அதில் குறியிட்டுக் காட்டியே ஆகவேண்டும். இரண்டிலும் திசை எழுத்துகளைப் போடுங்கள்: மார்புப் பக்கம் மேலே இருக்கக் கரைனாவை (டிரக்கியா இரண்டாகப் பிரியும் இடத்தை) மேலிருந்து பார்த்தால் நோயாளியின் வலது பிரதான மூச்சுக்குழாய் திரையின் வலப்பக்கம் வரும், வழக்கமான குறுக்குவெட்டுப் படத்தில் அதே குழாய் இடப்பக்கம்.