வெட்டினாலும் நீளம் வீணாகாத கேபிள் டை: தைப்பூசத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச வேலை, இதுவரைக்கும்

தைப்பூசம் முடிஞ்சு பினாங்கு தண்ணீர்மலை பக்கம் எங்க தண்ணீர் பந்தலைப் பிரிச்ச அன்னிக்கு தரையைக் கூட்டினது நான்தான். லைட் ஒயர், தண்ணி பைப், பேனர், ஓரத்துத் துணின்னு எல்லாத்தையும் கேபிள் டைங்கிற பல்லு வச்ச பிளாஸ்டிக் பட்டை போட்டுதான் கட்டியிருந்தோம், பசங்க கட்டரை வச்சு டக்கு டக்குன்னு வெட்டிவிட்டுக்கிட்டே போனாங்க, தேங்காய் சில்லும் வாழை இலையுமா கிடந்த இடத்துல அந்தக் கறுப்புத் துண்டை மட்டும் பொறுக்கினா ரெண்டு மைலோ டின் நிறைஞ்சிடுச்சு. மூணு நாளைக்குக் கட்டினது அவ்வளவும். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அந்த டையைக் குறை சொல்லவும் முடியாது. 1958ல அமெரிக்காவுல தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியில மௌரஸ் லோகன்னு ஒருத்தர், விமானத்துக்குள்ள ஓடுற ஒயரைக் கட்டுறதுக்காகக் கொண்டு வந்தது அது. அதுக்கு முன்னாடி மெழுகு போட்ட நூலால ஒவ்வொரு முடிச்சா கையாலயே போட்டுக்கிட்டு இருந்தாங்க. விமானம் அதிர்ற அதிர்வுக்கு அவுந்துடக் கூடாது, அவுராம இருக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான், அதை நாம மூணு நாள் பந்தலுக்குப் போடுறோம்.

கழட்டுற மாதிரி டை கடையிலயே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, தலைக்குள்ள பல்லைப் பிடிக்கிற நாக்கை அமுக்கினா விட்டுடும். ஆனா கட்டி முடிச்சதும் தொங்குற வாலை எல்லாரும் வெட்டிடுறாங்க, அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய கம்பிக்குப் போட்டா நீளம் பத்தாது, அப்புறம் அது குப்பைதான். அதனால கழட்ட வந்தா மட்டும் போதாது, வெட்டின நீளமும் திரும்ப நம்ம கைக்கு வரணும்னு நினைச்சேன். வெல்க்ரோ போட்டுப் பாத்தோம், தேங்காய் நாரும் பூவிதழும் உள்ள போய் அடைச்சிக்கிட்டா பிடிக்கவே மாட்டேங்குது.

வீட்டுல 3டி பிரிண்டர் இருக்கு. முதல்ல கடை டை மாதிரியே பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக்ல அடிச்சேன், தலைக்குள்ள இருக்கிற நாக்கு மூணாவது தடவையே ஒடிஞ்சிடுச்சு. பிஇடிஜிங்கிற இன்னொரு பிளாஸ்டிக்ல கொஞ்சம் தாங்குச்சு, ஆனா கடை டையோட பல்லு ஒவ்வொண்ணும் ஒரு மி.மீ. கிட்டத்தான் இருக்கும், பிளாஸ்டிக் உருகி வர்ற 0.4 மி.மீ. நோசில்ல அந்தப் பல்லு கூர்மையா வரல, மழுங்கி வழுக்குச்சு. ரெண்டு வாரம் அதுலயே போச்சு. அப்புறம்தான் பல்லும் வேணாம் நாக்கும் வேணாம், பெல்ட் மாதிரி ஓட்டை போட்ட பட்டை போதும்னு தோணுச்சு.

இப்போ இருக்கிற டிசைன் இதுதான். பட்டை டிபியு 95ஏங்கிற பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி வளையும், 9 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிப்பு, முழு நீளத்துக்கும் 8 மி.மீ.க்கு ஒரு ஓட்டை, ஓட்டை 4 மி.மீ. தலைன்னு தனியா ஒண்ணும் கிடையாது. பூட்டு தனி, சட்டைக் கைக்குப் போடுற கஃப் பட்டன் மாதிரி ரெண்டு பக்கமும் குமிழ் வச்ச சின்னக் கட்டை. பட்டையைச் சுத்தி ஒரு ஓட்டை மேல இன்னொரு ஓட்டை வர்ற மாதிரி வச்சு பட்டனை அழுத்தினா ரெண்டையும் துளைச்சு நிக்கும். எங்க வேணா வெட்டலாம், வெட்டின ரெண்டு துண்டை அதே பட்டனால இணைச்சா திரும்பவும் ஒரே பட்டை. 8 மி.மீ.க்கு ஒரு ஓட்டைன்னா இறுக்கம் சரியா வராதேன்னு பயந்தேன், டிபியு கொஞ்சம் இழுபடுறதால ஒரு ஓட்டை தள்ளி இழுத்துப் போட்டா அதுவே இறுகிப் பிடிக்குது.

நீளத்துக்குத்தான் படாத பாடு பட்டேன். என் பிரிண்டர் மேடை 220 மி.மீ., மூலைக்கு மூலை அடிச்சாலும் 31 சென்டி தாண்டாது. கொசுவத்திச் சுருள் மாதிரி சுத்தி அடிச்சா ஒரே மேடையில ரெண்டரை மீட்டர் வருது. கோட் எழுதி டிசைன் பண்ற ஓப்பன்எஸ்கேட்ல சுருளை எழுதி ஓட்டையை ஒரே கோண அளவுல வரிசையா வச்சேன், அடிச்சு முடிச்சு விரிச்சுப் பாத்தா உள்பக்கம் ஓட்டைங்க 4 மி.மீ.ல நெருக்கியடிச்சிக்கிட்டு, வெளிப்பக்கம் 13 மி.மீ.ல விலகிக் கிடக்கு. வெளி வட்டம் பெருசு, அதே கோணத்துக்கு அங்க தூரம் கூடத்தானே வரும். அப்புறம் ஒவ்வொரு ஓட்டைக்கும் அந்த இடத்து ஆரத்தால 8ஐ வகுத்து, வர்ற கோணம் மட்டும் நகர்ற மாதிரி மாத்தி எழுதினேன், இப்போ ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஒரே இடைவெளி. அந்தப் பட்டையை ஜன்னல் கம்பியில தொங்கவிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்.

ஈரம் இன்னொரு தொல்லை. பினாங்கு காத்துல டிபியு ரோலை ரெண்டு நாள் வெளிய வச்சாலே போதும், நோசில்ல பட் பட்டுன்னு சத்தம் வந்து பட்டை முழுக்க நூல் நூலா இழுக்கும், இப்பல்லாம் 50 டிகிரியில ஆறு மணி நேரம் காய வச்சுட்டுத்தான் தொடுறது. பட்டனை நிக்க வச்சு அடிக்காதீங்க, லேயர் பிரிஞ்சு கழுத்துல ஒடியும், ஒரு பக்கத்தைத் தட்டையாக்கிப் படுக்க வச்சு அடிச்சா பிளாஸ்டிக் இழை கழுத்து நெடுக ஓடும், அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுகூட ஒடியல.

லக்கேஜ் எடை போடுற தராசுல மாட்டி இழுத்துப் பாத்தேன். 5 கிலோவுக்கு நல்லாவே நீளுது, 11 கிலோவுல ஓட்டை விரிஞ்சு பட்டனை விட்டுடுச்சு, ஆனா பட்டை அறுகல. கடையில விக்கிற 4.8 மி.மீ. நைலான் டை 22 கிலோ வரைக்கும் தாங்கும். அதனால பந்தல் கம்பத்துக்கும் தலைக்கு மேல தொங்குற எதுக்கும் இதைப் போடக் கூடாது, ஒயர், பைப், துணி, சுருட்டின பாய் மட்டும்தான்.

காசுக் கணக்கும் சொல்லிடுறேன். ரோல் 90 வெள்ளி (ரிங்கிட்), மீட்டருக்கு 14 கிராம் போகுது, 30 சென்டி பட்டையும் ஒரு பட்டனும் சேத்தா கிட்டத்தட்ட 50 காசு. கடை டை ஒண்ணு 5 காசு. பத்துத் தடவை போட்டாத்தான் கட்டுப்படியாகும், வருஷத்துக்கு ஒரு பந்தல்னா பத்து வருஷம். அதனால பந்தலுக்குன்னு மட்டும் வச்சுக்காம, லைட்டும் சவுண்டும் போடுற மாமாகிட்ட ரெண்டு சுருளும் நாப்பது பட்டனும் குடுத்தேன், அவருக்கு வாரத்துக்கு ரெண்டு கல்யாணமாவது இருக்கும்.

மாமா முதல் நாளே போன் பண்ணிட்டாரு. "தம்பி, கட்டுறதுக்கு நல்லாத்தான்டா இருக்கு, கழட்டும்போதுதான் கையில எண்ணெய் இருந்தா அந்தக் குமிழைப் பிடிக்க முடியல. நகம் வளத்தவன்தான் கழட்டணும் போல." சரியாத்தான் சொன்னாரு, பந்தல்ல யாரு கை காய்ஞ்சிருக்கு? குமிழோட ஒரு பக்கத்துல விரல் மாட்டுற மாதிரி சின்ன வளையம் வச்சு அடிச்சுக் குடுத்தேன், இப்போ சுண்டு விரலை மாட்டி இழுத்தாலே வந்துடுது. வளையம் ஒயர்ல மாட்டிக்குதான்னு இன்னும் பாக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை பட்டர்வொர்த்துல ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவரோட போயிருந்தேன். வாசல் வாழைமரத்தைக் கட்ட ராஃபியா கயிறு பத்தல, மாமா லோரி டேஷ்போர்டுல சேத்து வச்சிருந்த வெட்டுத் துண்டுங்கள எடுத்தாரு, எல்லாம் ஒரு சாண் நீளம்கூட இருக்காது, ஒவ்வொண்ணா பட்டன் போட்டு கோத்துக்கிட்டே போனாரு. ஏழு துண்டு. மரத்தைச் சுத்தி ஒரு சுத்து வந்து தூணையும் பிடிச்சிக்கிச்சு.