ஒரு டி-செக்ஷனை முழுசாகப் போட்டுப் பாருங்கள்

கேட் (GATE), டிஎன்பிஎஸ்சி பொறியியல் தேர்வுகளுக்குப் படிக்கும் சிவில்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவுக்கு (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு), செவ்வகம் என்றால் ‘பிடி கியூப் பை ட்வெல்வ்’ (bd³/12; b அகலம், d உயரம்) என்று மனப்பாடம் செய்வது அவசியம்தான். ஆனால் நான் படித்தபோது எனக்குப் பிடி கிடைத்தது ஃபார்முலா பட்டியலில் இல்லை, T வடிவக் குறுக்குவெட்டான ஒரு டி-செக்ஷனைக் கடைசிவரை கையால் போட்டதில்.

மேலே படுக்கைத் துண்டான ஃபிளாஞ்ச் 100×20, கீழே நிற்கும் துண்டான வெப் 20×100 (அகலம்×உயரம்), எல்லாம் மி.மீ. இரண்டுக்கும் பரப்பு 2000. அடியிலிருந்து வெப்பின் மையம் 50, ஃபிளாஞ்சின் மையம் 110. பரப்பு சமம் என்பதால் சென்ட்ராய்டு (மொத்தப் பரப்பின் மையம்) நடுவில், 80-இல் விழும். ஆக இரண்டு துண்டின் மையங்களுமே அதன் வழியே போகும் கிடைமட்ட அச்சிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருக்கின்றன.

இப்போது ஃபிளாஞ்சை மட்டும் கவனியுங்கள். அதன் சொந்த மையத்தைப் பொறுத்த மதிப்பு (bd³/12) ஏறத்தாழ 67 ஆயிரம். பேரலல் ஆக்சிஸ் தியரம் (பரப்பு × தூரத்தின் வர்க்கம்) அதற்குச் சேர்ப்பதோ 18 லட்சம்! இவற்றோடு வெப்பின் 16.67 லட்சமும் அதன் 18 லட்சமும் சேர, மொத்தம் 53.33 லட்சம் மி.மீ⁴. அச்சிலிருந்து தள்ளி இருப்பதே அதிகம் சேர்க்கிறது; ஐ-பீமில் இரும்பை ஏன் மேலும் கீழும் ஒதுக்குகிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கில்தான் உறைத்தது.

சென்ட்ராய்டு சரியா என்று பார்க்க ஒரு வழி: அச்சுக்கு இருபுறமும் பரப்பை அச்சிலிருந்து அதன் மையத்தின் தூரத்தால் பெருக்குங்கள். கீழே 20×80×40 = 64,000. மேலே ஃபிளாஞ்ச் 60,000, வெப்பில் மிச்சமுள்ள துண்டு 4,000. மேலே உள்ள கூட்டுத்தொகையும் கீழே உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். அரை நிமிட வேலை, தேர்வில் தவறவே விடாதீர்கள்.

அப்புறம் செக்ஷன் மாடுலஸ், அதாவது அந்த 53.33 லட்சத்தை அச்சிலிருந்து விளிம்பின் தூரத்தால் வகுத்தது. மேல் விளிம்பு 40 தூரத்தில், கீழ் விளிம்பு 80-இல். அதனால் மேலே 1,33,333, கீழே 66,667 மி.மீ³. வளைவுத் தகைவு கீழ் விளிம்பில் இரண்டு மடங்கு. சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் (இரு முனைகளிலும் தாங்கப்பட்டது) கீழ்நோக்கிச் சுமை ஏறினால் இழுவிசை அங்கேதான் வரும். வார்ப்பிரும்பு மாதிரி இழுவிசை தாங்காத பொருள் என்றால் கேள்வியின் உயிரே இதுதான். மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவின் விடைகள் செ.மீ⁴-இல் இருந்தால் 10,000-ஆல் வகுக்க வேண்டும், ஆயிரத்தால் அல்ல.

இதே படத்தை வைத்தே பிளாஸ்டிக் மாடுலஸும் (குறுக்குவெட்டு முழுவதும் நெகிழ்ந்துவிட்ட நிலைக்கான மாடுலஸ்) பழகலாம். அங்கே அச்சு பரப்பைச் சரிபாதியாக்க வேண்டும், அதனால் 80-ஐ விட்டு ஃபிளாஞ்சும் வெப்பும் சேரும் 100-க்கு ஏறிவிடும். 2000×10 + 2000×50 = 1,20,000. இதை 66,667-ஆல் வகுத்தால் ஷேப் ஃபேக்டர் 1.8, செவ்வகத்துக்கு அது 1.5.