பாரிமுனையில் இர்வினும் செட்டியாரும்

சென்னை உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தால், பாரிமுனையின் இரைச்சல் அப்படியே காதில் விழுகிறது. வக்கீல் நண்பர் ஒருவர் கூட வந்ததால் ஐகோர்ட் வளாகத்துக்குள் நுழைவது எளிதாக இருந்தது. தனியாகப் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாம் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது.

இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் ஹென்றி இர்வின் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் முதலில் திட்டம் போட்டவர் ஜே.டபிள்யூ. பிராசிங்டன். அவருக்கு அப்புறம்தான் வேலை இர்வின் பொறுப்புக்கு வந்தது; ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் என்பவரும் கூட இருந்தார். 1888-ல் தொடங்கி 1892-ல் முடித்தார்கள். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி.

எனக்குச் செட்டியார் மேல்தான் கண். கிட்டே போய்ப் பாருங்கள்: செங்கல் வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. வளைவின் உள்விளிம்பில் இதழ் இதழாக வெட்டியிருக்கும் இடத்திலும் கல்லுக்குக் கல் இடைவெளி ஒரே அளவு. காகிதத்தில் இப்படி ஒரு வளைவைப் போடுவது ஒன்று. கொத்தனார் கையில் அதை வரவழைப்பது வேறு. கணிதமேதை ராமானுஜன் 1920-ல் இறந்ததுகூட சேத்துப்பட்டில் இதே செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

நீதிமன்றத்துக்குள் கலங்கரை விளக்கம் இருந்த ஊர் நம் ஊர். வளாகத்தில் தனியாக நிற்கும் உயரமான கல்தூண், கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்து 1844-ல் விளக்கேற்றியது. ஐகோர்ட் கட்டி முடித்த பிறகு, 1894-ல், விளக்கு அதன் பெரிய கோபுரத்துக்கே ஏறிவிட்டது. 1977-ல் மெரினாவில் புதியது வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது இந்தக் கோபுரம்தான். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடத்தை, கிழக்கு மதில் பக்கம் ஒரு கல்வெட்டு காட்டுகிறது. நண்பர் அந்த வழியாகத் தினமும் போகிறவர். அன்றுதான் நின்று படித்தார்!

பக்கத்திலேயே பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம். 1899-ல் முடிந்தது, இதிலும் இர்வின், செட்டி ஜோடிதான். இது ஒரே ஆள் போட்ட திட்டம் என்பதாலோ என்னவோ, ஐகோர்ட்டைவிட எனக்கு இதுதான் பிடித்திருந்தது. இரண்டு மினார்களும் வீண் ஆடம்பரம் இல்லாமல் நிமிர்ந்து நிற்கின்றன. முன்பு இது ஆங்கிலேயர்களின் இடுகாடு. பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்களாம். பிறகு கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியவை இரண்டே சமாதிகள். ஒன்றில், மதராஸ் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட் அடங்கியிருக்கிறான்.

சிம்லாவின் வைஸ்ராய் மாளிகை, மைசூர் அரண்மனை எல்லாம் இர்வின் வடிவமைத்தவை. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் அலைமோதுகிறது. இங்கே குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாகக் கோப்புகளோடு அதே மாதிரி வளைவுகளுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

போகிறவர்கள் வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். இன்னொன்று: வளாகத்தைப் பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக, வருடத்தில் ஒரு நாள், பெரும்பாலும் நவம்பரில், எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். அந்தத் தேதியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.