நாலு மாடல், ஒரு ஓட்டுப்பெட்டி

பல கணிப்பு மாடல்களை ஓட்டுப் போட வைத்து ஒரே முடிவு எடுக்கிற முயற்சி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போய்விட்டன. எடுத்துக்கொண்டது விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவு. பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்னோடு சேர்ந்தே வருகிறது. 569 கட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 30 அளவுகள். 143-ஐச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு கட்டி புற்றா இல்லையா என்று கணிக்க லாஜிஸ்டிக் ரிக்ரஷன், கே-நியரஸ்ட் நெய்பர்ஸ், நேவ் பேய்ஸ் என்ற மூன்று மாடல்களையும் ஹார்ட் வோட்டிங்கில் உட்கார வைத்தேன். பெரும்பான்மை சொல்வதுதான் முடிவு.

ஆசை காட்டியது ஒரு பழைய கணக்கு. 1785-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்செ சொன்ன வழியில் போட்டுப் பார்த்தால், தலைக்கு 70 சதவீதம் சரியாகச் சொல்லும் மூன்று பேர் ஓட்டுப் போடும்போது கூட்டு முடிவு 78.4 சதவீதம் சரியாக வரும். ஐந்து பேர் என்றால் 83.7. ஆனால் ஒருவர் தவறுவதற்கும் இன்னொருவர் தவறுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. அந்த நிபந்தனையை நான் மேலோட்டமாகத்தான் படித்திருந்தேன்.

என் கூட்டணி, தனியாக நின்ற லாஜிஸ்டிக்கைத் தாண்டவே இல்லை. தவறிய வரிசை எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். மூன்று பட்டியலிலும் அதே எண்கள் திரும்பத் திரும்ப வந்தன.

சரி, ஆளைக் கூட்டுவோம் என்று லீனியர் எஸ்விஎம் என்ற நாலாவது மாடலைச் சேர்த்தது அடுத்த தப்பு. அதுவும் லாஜிஸ்டிக்கும் நேர்கோட்டில் பிரிக்கிற ஜாதி. அண்ணன் தம்பி ஓட்டு ஒரே பக்கம்தான் விழும். அதோடு நாலு பேரானதால் 2-2 என்று சமநிலை வர ஆரம்பித்தது. அப்போது சைகிட்-லேர்ன் குலுக்கல் எல்லாம் போடுவதில்லை, சிறிய எண்ணுள்ள வகையை எடுத்துக்கொள்கிறது. இந்தத் தரவில் 0 என்றால் புற்று, 1 என்றால் சாதாரணக் கட்டி. அதனால் சந்தேகம் எல்லாம் புற்றுப் பக்கம் போனது. 0, 1-ஐ இடம் மாற்றி ஓட்டினேன். சமநிலையில் நின்ற கட்டிகள் அப்படியே சாதாரணமாகிவிட்டன. கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அப்புறம் எஸ்விஎம்மை எடுத்துவிட்டு, பழைய மூவரோடு சாஃப்ட் வோட்டிங், அதாவது நிகழ்தகவுகளின் சராசரி. இங்கே நேவ் பேய்ஸ் ஆட்டம் போட்டது. ஆரம், சுற்றளவு, பரப்பளவு மூன்றும் ஏறக்குறைய ஒரே விஷயம். நேவ் பேய்ஸுக்கு அது தெரியாது. ஒரே சாட்சியை மூன்று முறை எண்ணிவிட்டு 0.999 என்று அடித்துச் சொல்கிறது. மற்ற இருவர் புற்றுக்கு 0.35, 0.40 என்று தயங்கினாலும் சராசரி 0.58-க்கு ஏறிவிடும். ஹார்ட் வோட்டிங்கில் 1-2 என்று தோற்றிருக்க வேண்டியவர், சத்தம் போட்டே ஜெயிக்கிறார்.

நேவ் பேய்ஸ் ஓட்டின் எடையைக் குறைத்துப் பார்த்தேன், எந்த எண்ணை வைப்பது என்பது வெறும் ஊகமாகவே இருந்தது. இப்போது நேவ் பேய்ஸைக் காலிப்ரேட் செய்து, அதாவது அது சொல்லும் நிகழ்தகவை நிஜத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தி, உள்ளே விட்டிருக்கிறேன், தொண்டை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எஸ்விஎம் வெளியேதான். அடுத்த ஞாயிறு கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிரிக்கிற டிசிஷன் ட்ரீ ஒன்றைச் சேர்த்து, யார் யாரோடு சேர்ந்து தவறுகிறார்கள் என்று கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும்.