மேப்பிள் இலைத் தோரணம்: மகளின் பிறந்தநாளுக்காகச் செய்து பார்த்தவை

இந்த வேலை தொடங்கியது பிறந்தநாளை எண்ணி அல்ல. 2025 ஒக்ரோபர் 2ஆம் திகதி, விஜயதசமி அன்று, கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தமிழ்க் கடையில் பொதி செய்து விற்ற அந்த இலைகள் இரண்டு நாளிலேயே விளிம்பு சுருண்டு கறுத்துப்போயிருந்தன. பக்கத்தில் நின்ற மகள், முற்றத்தில் இவ்வளவு பெரிய மரம் நிற்கும்போது எதற்காகக் கடையில் இலை வாங்குகிறோம் என்று கேட்டாள். ஒக்ரோபர் 25, சனிக்கிழமை, அவளுக்கு எட்டு வயது நிறைகிறது. அன்றைக்கு வாசலில் மேப்பிள் இலைத் தோரணம் கட்டுவதென்றும், விழா முழுவதையும் இலையுதிர்காலத்தை ஒட்டியே அமைப்பதென்றும் அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.

மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. "தம்பி, சருகை வாசலிலை கட்டக் கூடாது, அதுவும் பிள்ளையின்ரை பிறந்தநாளிலை," என்றார் மாமி. இதைப் பழமை பேசுவதாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பழைய கணக்கின்படி ஐப்பசி கூதிர்காலத்தைச் சேர்ந்தது. ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி என்றால் மழையும் பச்சையுந்தான், வேம்பு இலையைக் கொட்டுவது மாசி பங்குனியில். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளித்தான் எங்களுக்குப் பழக்கமே தவிர, அதை எடுத்து அலங்கரித்துப் பழக்கமில்லை. மாமியின் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் முற்றத்து மரத்திலிருந்து பாதி மஞ்சளாகியிருந்த பத்து இலைகளைப் பறித்து அப்படியே நூலில் கோத்தேன். இரண்டாம் நாள் மாலைக்குள் அவை கைவிரல்களை மடக்கியதுபோல் சுருண்டுவிட்டன. அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த புத்தக முறை. தடித்த அகராதி ஒன்றுக்குள் தாள் வைத்து அடுக்கிய இலைகளை ஒன்பது நாள் கழித்து எடுத்தபோது நிறம் அருமையாக இருந்தது. ஆனால் தோரணத்துக்கு இலையைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்கால் குத்தவேண்டுமல்லவா, மடித்த இடத்திலேயே அப்பளம்போல் நொறுங்கியது. வாழ்த்து மடல் ஒட்ட அந்த இலைகள் போதும், தோரணத்துக்கு ஆகா.

மெழுகுத்தாள் முறை இவற்றுக்கு நடுவே ஒரு வார இறுதியில் நடந்தது. இலையை இரண்டு மெழுகுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு பழைய துணியை விரித்து, நீராவி இல்லாமல் நடுத்தரச் சூட்டில் இஸ்திரிக்கைப் பெட்டியால் சில நிமிடங்கள் அழுத்தினால் மெழுகு இலையில் ஏறிவிடும். பறித்த உடனேயே அழுத்தியதால் முதல் ஆறு இலைகளும் உள்ளிருந்த ஈரத்தில் கொப்புளித்துப் பழுப்பாயின. ஒரு நாள் புத்தகத்துள் வைத்து ஈரம் வாங்கிய பிறகு அழுத்தியவை நன்றாக வந்தன. அந்தப் பன்னிரண்டையும் யன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். பிற்பகல் வெயில் அவற்றினூடாக வரும்போது கூடம் முழுவதும் செம்மஞ்சளாகும். விழாவுக்கு வந்த பெரியவர்கள் அதிகம் படம் எடுத்தது அந்த யன்னலைத்தான் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

தோரணத்துக்குச் சரிப்பட்டது கிளிசரின். மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு, அதாவது 250 மில்லிலீற்றருக்கு 500 மில்லிலீற்றர் என்று கலந்து, ஆறியபின் ஒரு பேக்கிங் தட்டில் ஊற்றினேன். இலைகளை அதில் அமிழ்த்தி, மிதக்காமல் இருக்க மேலே இன்னொரு தட்டை வைத்து, நான்கு நாள் குசினி மேசையின் மூலையில் விட்டுவிட்டேன். இலைக்குள் இருக்கும் நீர் போய்விடுவதால்தான் அது நொறுங்குகிறது. கிளிசரின் அந்த நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நீரைப்போல ஆவியாகிப் போகாது. ஆகையால் இலை தோல்போல வளைந்து கொடுக்கிறது. நிறத்தில்தான் இழப்பு உண்டு. சிவப்பு இருண்டு கருஞ்சிவப்பாகும், மஞ்சள் தேன் நிறத்துக்குப் போகும். வாடாமல் இருப்பதற்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் தட்டில் தரையில் பொறுக்கியவையும் மரத்தில் பறித்தவையும் கலந்து கிடந்தன. நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் பறித்தவை மட்டுமே மெதுமையாகியிருந்தன. விழுந்து காய்ந்திருந்தவை கிளிசரினை உள்ளே எடுக்கவே இல்லை, வெறுமனே எண்ணெய் பூசியதுபோல் பிசுபிசுத்தன. உயிர்ப்பு மிச்சமிருக்கும் இலைதான் வேண்டும் என்று இதிலிருந்து விளங்கியதும் மாமியிடம் போய்ச் சொன்னேன்: தோரணத்தில் ஒரு சருகும் இருக்காது, எல்லாம் கொப்பிலிருந்து பறித்த பழுத்த இலைகள்தான். அவர் ஓர் இலையை வாங்கி மடித்துப் பார்த்து, "பழுத்தோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்," என்று தன்னையும் பேத்தியையும் காட்டிச் சிரித்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

எந்த மேப்பிள் என்பதும் முக்கியம். எங்கள் முற்றத்தில் நிற்பது நோர்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நகரத் தெருக்களில் நட்ட மரம். காம்பை ஒடித்தால் பால் வருவதைக்கொண்டு இதை அடையாளம் காணலாம். இலை அகலமானது, தடிப்பானது, மடித்தாலும் கிழியாது. அடுத்த தெருவிலுள்ள வெள்ளி மேப்பிளின் இலை ஆழமாகப் பிளவுபட்டிருப்பதால் மடிப்பில் நிற்கவில்லை. சிவப்புக்காக ஒரு நண்பர் வீட்டுச் சீனி மேப்பிளிலிருந்து பறித்துவந்தோம். பச்சையம் சிதையும்போது ஏற்கெனவே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்போ இலைக்குள் தங்கும் சர்க்கரையிலிருந்து அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் ஆண்டில் அது ஆழமாக வரும். (2012இல் வெளிவந்த கனடாவின் 20 டொலர் நெகிழிப் பணத்தாளில் இருக்கும் இலை நோர்வே மேப்பிளைப்போல் இருப்பதாகத் தாவரவியலாளர் சிலர் குறைகூறியது நினைவுக்கு வந்தது. எங்கள் தோரணத்திலும் பெரும்பங்கு அந்த வெளிநாட்டு இலைதான்.) ரூஜ் தேசிய நகரப் பூங்கா எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் தேசியப் பூங்காவிலிருந்து இலையோ காயோ எடுத்துவரக் கூடாது என்பதால் அங்கே நடந்து பார்த்ததோடு சரி.

ஒக்ரோபர் 13, நன்றி நவிலல் நாள் விடுமுறையில், தட்டை மூன்றாகப் பெருக்கினேன். ஒரு தட்டில் இருபத்தைந்து இலைவரை கொள்ளும். அதே வார இறுதியில் மார்க்கம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பூசணிக்காய்களும் வாங்கினோம். நான்கு பெரிய காய்களைப் படிக்கட்டில் அழகாக அடுக்கிவைத்தேன். நான்கு நாளில் அணில்கள் இரண்டைக் குடைந்து விதை தின்றுவிட்டன. ரொறன்ரோ அணில்களைப்பற்றி அயலவர் எச்சரித்திருந்தும் கேட்காதது என் பிழை. மிச்ச இரண்டையும் உள்ளே எடுத்துவைத்துவிட்டு, பதினொரு பிள்ளைகளின் கையில் கத்தி கொடுக்கும் எண்ணத்தையும் அத்தோடு கைவிட்டேன். செதுக்கிய காய் ஒரு வாரத்தில் அழுகவும் தொடங்கிவிடும். பதிலாக ஆளுக்கொரு சிறு பூசணியும் அக்ரிலிக் வண்ணமும் என்று முடிவானது. சோதனைக் காயில் வண்ணம் பிடிக்காமல் திரண்டு வழிந்தது. தோலை வினாகிரி நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்தபின் ஒழுங்காகப் பிடித்தது.

உணவைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 20ஆம் திகதி தீபாவளி. 22ஆம் திகதியிலிருந்து கந்தசஷ்டி விரதம். எனவே றோல்ஸ், பற்றீஸ் எல்லாம் மரக்கறியில்தான். வருகிற பிள்ளைகளில் ஒருவருக்குக் கச்சானும் கஜுவும் ஒவ்வாது. ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பள்ளியும் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்னும் சப்ரினா சட்டம் ஒன்ராறியோவில் 2006இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இதைக் கேட்டறிவது இங்குள்ள பெற்றோருக்குப் பழகிவிட்டது. நானும் அழைப்பிதழிலேயே கேட்டிருந்தேன். பூசணி அல்வாவை இரண்டு முறை செய்து பார்த்தேன். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நாரும் நீருமாக இருந்து, ஒரு மணிநேரம் கிளறியும் சுருளவில்லை. பை (pie) என்னும் பலகாரம் செய்யும் சிறு காய் ஒரு கிலோவுக்கு 250 கிராம் சீனியும் 100 கிராம் நெய்யும் ஏலக்காயும் சேர்த்தபோது நிறமும் பதமும் கூடிவந்தன. மேலே தூவக் கஜுவுக்குப் பதிலாக, அணில்கள் விட்டுவைத்த காய்களின் விதைகளையே கழுவிக் காயவைத்து, 160 பாகை செல்சியசில் இருபது நிமிடம் வறுத்துப் பயன்படுத்தினேன். உள்ளதைச் சொன்னால், பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் அல்வாவைத் தொடவில்லை. பெரியவர்கள் தட்டைத் துடைத்தார்கள்.

விளையாட்டுகளில் நான் நெடுநேரம் யோசித்தது மூன்றைப்பற்றி. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் அப்பிளை வாயால் கவ்வுவது இங்கே இந்தப் பருவத்து விளையாட்டு. பதினொரு வாய் ஒரே தண்ணீரில் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஊரில் சித்திரைப் புத்தாண்டுக்கு நூலில் பணிஸ் கட்டித் தொங்கவிட்டுக் கை தொடாமல் உண்ணும் போட்டி உண்டே, அதையே அப்பிள் சைடர் டோனற்றை வைத்து நடத்தினோம். ஓட்டை நடுவிலேயே இருப்பதால் கட்டுவது இலகு. ஆனால் முந்தின நாள் சோதனையில், கேக் மாவில் செய்த டோனற் முதல் கடியிலேயே உடைந்து விழுந்தது. ஈஸ்ற் போட்டுப் பொங்கவைத்த வளையம் தாங்கியது. போட்டிக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவும் கட்டிவைத்தேன்.

இரண்டாவது கண்ணைக் கட்டிக்கொண்டு அப்பிள் இனம் கண்டுபிடிப்பது. மக்கின்ரொஷ், காலா, ஹனிகிரிஸ்ப் என மூன்று. 1811இல் ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட மரத்திலிருந்து வந்தது மக்கின்ரொஷ் என்று சொன்னதும், அதை மட்டும் இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார்கள்.

மூன்றாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலையின் வயதுக்குத் தமிழில் ஐந்து சொற்கள் இருக்கின்றன. ஐந்து அட்டைகளில் இவற்றை எழுதிப் படமும் வரைந்து, கொல்லையில் போய் ஒவ்வோர் அட்டைக்கும் உரியதை எடுத்துவரச் சொன்னேன். கடைசி மூன்றும் ஒரு நிமிடத்தில் வந்தன. ஒக்ரோபரில் கொழுந்துக்கு எங்கே போவது? மகளின் வகுப்புத் தோழன் ஒருவன், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவன், மாமியின் யன்னலோரக் கறிவேப்பிலைச் சட்டியிலிருந்து நுனிக் கொழுந்தைக் கிள்ளி வந்து வென்றுவிட்டான். மாமி அவனை ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை மட்டும் மாடிக்கு எடுத்துச்சென்றுவிட்டார். வேலியோரம் போகிறவர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தேன்: மூன்று சிற்றிலை ஒரே காம்பில் இருந்தால் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் தோல் அரிக்கும் நச்சு ஐவி இந்தக் காலத்தில்தான் மிக அழகாகச் சிவக்கும். கொல்லையில் அது இல்லை என்பதை நானும் முதல்நாளே சுற்றிப் பார்த்திருந்தேன்.

நேரத்தை 2.30க்குத் தொடங்கி 5.30க்கு முடித்ததும் நல்லதாயிற்று. அந்த வாரத்தில் 6.15 அளவில் பொழுது சாய்ந்துவிடும், அதன்பின் கொல்லையில் நிற்க முடியாத குளிர். தவிர, அன்றிரவு ரொறன்ரோவில் புளூ ஜேஸ் பேஸ்போல் அணிக்கு உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டம். தந்தைமார் எல்லாரும் சொன்ன நேரத்துக்கு முன்பே பிள்ளைகளை அழைத்துச்செல்ல வந்து நின்றதை வேறெந்தப் பிறந்தநாளிலும் நான் கண்டதில்லை.

தோரணம் இருபத்தொன்பது இலைகளுடன் அன்று காலை கட்டப்பட்டது. ஈர்க்குக்கு விளக்குமாறு ஒன்றைப் பிரித்தோம். மஞ்சள், சிவப்பு என்று மாறிமாறிக் கோக்க நினைத்தாலும் சிவப்பு ஒன்பதுதான் தேறியது. அவற்றை நடுவில் வைத்து இரு பக்கமும் தேன் நிறத்தை விட்டேன். கீழே நிறைகுடமும் குத்துவிளக்கும். நிறைகுடத்துக்கு மட்டும் மாவிலைதான் வேண்டும் என்று மாமி நின்றுகொண்டதால் தமிழ்க் கடைக்கு மறுபடியும் போகவேண்டியிருந்தது.

இன்று நவம்பர் 9. தோரணம் இன்னும் வாசலில் இருக்கிறது. ஓர் இலையும் நொறுங்கவில்லை. ஈரமான நாள்களில் இலைகளிலிருந்து கிளிசரின் வியர்வைபோல் கசிந்து, கதவின் வெள்ளை வண்ணத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு மஞ்சள் தாரை விழுந்திருப்பதை நேற்றுத்தான் கண்டேன். எடுத்த இலைகளைக் கழுவி, ஒரு நாள் முழுவதும் துணியில் உலர்த்தியிருந்தால் இது நேர்ந்திராது. நான் இரண்டு மணிநேரத்தில் கட்டிவிட்டேன். கார்த்திகை விளக்கீட்டுக்கும் இதே தோரணத்தை வைத்திருக்கலாமா என்று மாமி கேட்கிறார். கதவுக்கு வண்ணம் பூசிவிட்டு, இலைகளைக் கழுவித் திரும்பக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.