மாமா வாட்ஸாப்பில், வண்டி மைனஸ் 30-இல்

கனடாவில் இருக்கிற எட்மன்டனுக்கு நாங்கள் வந்து சேர்ந்தது 2022 ஆகஸ்டில். வேலை கிடைத்தது நிஸ்குவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தொழிற்பேட்டை, காலை ஷிப்ட் 5 மணிக்கு. எங்கள் வீட்டிலிருந்து அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. கூட வேலை பார்க்கிற பஞ்சாபிப் பையன் இரண்டு மாதம் ஏற்றிக்கொண்டு போனான், பெட்ரோல் காசு கொடுத்தாலும் தினமும் இருட்டில் தெருமுனையில் நின்று அடுத்தவன் வண்டிக்குக் காத்திருப்பது ஒரு மாதிரி இருந்தது, அக்டோபர் கடைசியில் ஒரு பழைய பிக்கப்பை வாங்கிவிட்டேன். 2004 மாடல், வி8 இன்ஜின், 2,87,000 கிலோமீட்டர் ஓடியது, 4,200 டாலர். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வயதில் எந்தக் கம்பெனி வண்டியும் இப்படித்தான்.

தைரியமாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஊர் நாமக்கல். மாமா அங்கே லாரி பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தும், கழற்றிப் போட்டதை டீசலில் கழுவியும் வளர்ந்தவன் நான். வண்டியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பு. அந்த நினைப்பு டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் இருந்தது.

அன்று காலை 4 மணி, மைனஸ் 31. சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் சுற்றவே இல்லை. குளிரில் பேட்டரி பாதி பலம் இழந்துவிடும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றவே இரண்டு பங்கு பலம் கேட்கும், அதனால் பேட்டரிதான் என்று நானே தீர்ப்பு எழுதி 210 டாலருக்குப் புதிது வாங்கிப் போட்டேன். மூன்று நாள் எடுத்தது. நான்காம் நாள் மறுபடி டக் டக்.

குளிர்காலத்தில் இங்கும் அங்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். எனக்கு அதிகாலை 4 என்றால் மாமாவுக்கு மாலை நாலரை, டீ வருகிற நேரம். சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"பேட்டரி புதுசுன்னு சொல்றே. எர்த் பாத்தியா மாப்ளே?"

பார்க்கவில்லை. எர்த் என்றால் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் இரும்புக்குப் போகிற கேபிள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வோல்ட், ஓம் அளக்கிற மல்டிமீட்டர் இருந்தது. சோதனை எளிதுதான்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், இன்னொன்று இன்ஜின் இரும்பில், ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் மீட்டரில் கால் வோல்ட்கூட வராது. எனக்கு 1.8 வந்தது. கேபிளின் மறுமுனையைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகக் கொட்டியது. புதுக் கேபிள் 18 டாலர். 210 டாலர் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, சரி, அது வண்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கோபம் உண்டு, முக்கியமாக என் மேலேயே. அளந்து பார்க்காமல் பார்ட்ஸ் வாங்குவது. ஊரில் பழைய பார்ட்ஸை மாட்டிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் கழற்றி வைத்துவிடலாம், மாமாவின் பட்டறை மூலையில் அதற்கென்றே ஒரு குவியல் கிடக்கும். இங்கே ஒவ்வொரு ஊகத்துக்கும் பில் வருகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேரக் கூலியே 150 டாலர் கேட்டார்கள், நான் அரைநாள் நின்று சம்பாதிப்பது அது.

இந்த ஊர் வண்டிகளுக்கு முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு பிளக் தொங்கும். முதலில் பார்த்தபோது கரண்ட் வண்டி என்றே நினைத்தேன். அது பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் சுற்றுகிற கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை இரவில் சூடாக வைத்திருக்கிற சமாச்சாரம். முதல் குளிர்காலம் முழுக்க ஒரு நாள் விடாமல் இரவில் செருகி, காலையில் பிடுங்கி, வயரைச் சுருட்டி வைத்தேன். அடுத்த நவம்பரில் ஏதோ சந்தேகம் வந்து மீட்டர் வைத்தேன். 600 வாட் ஹீட்டர், இங்கே 120 வோல்ட், கணக்குப்படி 24 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. வயர் உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது. ஆக, ஒரு முழுக் குளிர்காலம் நான் செய்ததெல்லாம் வெறும் சடங்கு! ஹீட்டரில் நேரடியாக வைத்துப் பார்த்தபோது 24 சரியாக வந்தது, வயரை மட்டும் மாற்றினேன்.

மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை, வீட்டில் இருந்த எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது. எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டா முழுக்க அவசர அறிவிப்பு. மின்சாரம் போதவில்லை, தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள், மின்சாரக் காருக்கு சார்ஜ் போடுவதையும் பிளாக் ஹீட்டர் செருகுவதையும் தள்ளிப்போடுங்கள் என்று. மைனஸ் 40-ஐ ஒட்டிய நாள்கள் அவை. மாமாவிடம் சொன்னபோது, "அங்கயும் கரண்ட் கட்டா?" என்று கேட்டவர் குரலில் இருந்த திருப்தியை நான் மறக்கவே மாட்டேன். கட் ஆகவில்லை மாமா, ஜனங்கள் உடனே அணைத்துவிட்டார்கள், தப்பித்தது என்றேன். அவர் நம்பவில்லை.

மாமா சொன்னது பலிக்காமல் போன இடமும் உண்டு. முதல் ஜனவரியில் கேபின் ஹீட்டரைப் போட்டால் வண்டிக்குள் குளிர்ந்த காற்றுதான் வந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் அடியிலேயே கிடந்தது. இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வ், அதாவது தெர்மோஸ்டாட், அதன் மேல் சந்தேகமாக இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். "அதைக் கழட்டித் தூக்கிப் போடு மாப்ளே, நம்மூர்ல எவன் வெச்சிருக்கான்?" என்றார். உண்மைதான், ஊரில் பாதி வண்டிகளில் அது இருக்காது, சூடேறுவதுதான் அங்கே பயம். இங்கே கதை தலைகீழ். தெர்மோஸ்டாட் மூடியிருந்தால்தான் இன்ஜின் 90 டிகிரி பக்கம் ஏறும், அந்தச் சூட்டில்தான் கேபினுக்குள் வெந்நீர் சுற்றி நமக்குக் கதகதப்பு வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருக 25 டாலர் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன், அது பி0128 என்று காட்டியது. கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் 54 டிகிரி. வால்வ் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. புது தெர்மோஸ்டாட் போட்டு அடுத்த நாள் கையுறை இல்லாமல் ஸ்டியரிங் பிடித்தபோது வந்த சந்தோஷம் தனி.

அதே வேலையில் இன்னொரு தப்பும் செய்யப் பார்த்தேன். பழக்கதோஷம், ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் எடுக்கப் போனேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் இன்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். சரி, அப்போது முழுக்கக் கூலன்டையே ஊற்றிவிடலாமே என்றால் அதுவும் தப்பு, கலக்காத கூலன்ட் மைனஸ் 13 பக்கமே உறைய ஆரம்பிக்கும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். இதை நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுத்தான் நம்பினேன்.

வண்டியின் பழைய வரலாற்று அறிக்கையை வாங்கிய பிறகுதான் நிதானமாகப் படித்தேன், அந்தத் தப்பும் என்னுடையது. முதல் 11 வருடம் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓடியது. அங்கே பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பில் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துக் கரையும். விற்றவர் அடியில் புதுசாகக் கறுப்பு அடித்து வைத்திருந்தார், நான் அதைப் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் மாதம் ஒரு சிக்னலில் பிரேக்கை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் லைன் துருவில் ஓட்டை. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனிச் சுற்று என்பதால் முன்பிரேக் மட்டும் பிடித்து நின்றது. அதை நான் தொடவில்லை. பட்டறையில் கொடுத்து, துருப்பிடிக்காத நிக்கல் செம்பு லைனாகப் போடச் சொன்னேன், 640 டாலர் ஆனது, வாயைத் திறக்காமல் கொடுத்தேன். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைக் கேட்பதற்கு முன் ஒரு சுத்தியலோடு அடியில் படுத்துச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், கரைந்தது மொத்தென்று சொல்லும்.

அப்புறம் கிராஸ் போனது, அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் மூட்டு. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போட்டால் அடியில் டொக். மாமா நாலு நொடிதான் கேட்டார், "கிராஸ்" என்றார், போனை வைத்துவிட்டார். வைஸில் வைத்து அழுத்தி எடுத்து மாற்றினேன், ஊசி பேரிங் ஒன்று சாய்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் உயிரை வாங்கியது. ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் எது எதோடு சேர்ந்திருந்தது என்று கோடு போட்டு வைக்கவேண்டும், இல்லையென்றால் வண்டி அதிரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்கேனர் சொல்வது அறிகுறியை, எந்தப் பார்ட் போனது என்பதை அல்ல. எனக்கு பி0302 வந்தது, இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கிற காயிலை வாங்க ஓடாமல், இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி ஐந்தாவதில் மாட்டி, ஐந்தாவதை இரண்டில் மாட்டினேன். அடுத்த நாள் பி0305 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது, அப்படியென்றால் காயில்தான். செலவில்லாத சோதனை. ஸ்கேனர் காட்டும் எண் மாறாமல் இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர் என்று வேறு பக்கம் போயிருப்பேன்.

இப்போது புதிதாக ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி. பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மாமாவுக்கு அனுப்பினேன்.

"சூடானா நிக்குதா?"

"நிக்குது மாமா."

"எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல போல்ட்டு ஒடஞ்சிருக்கும். சூட்டுல இரும்பு விரிஞ்சு சந்து மூடிக்குது. ஓடற வரைக்கும் ஓட்டு, வெயில் காலத்துல பிரிச்சுக்கலாம். உங்கூர்ல வெயில் எப்ப?"

"ஜூன்ல மாமா."

"எத்தனை நாளைக்கு?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே பின்னாலிருந்து இரண்டாவது போல்ட்டுக்குத் தலை இல்லை. ஞாயிறு தோறும் அதன்மேல் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வருகிறேன். பெரியவரிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, ஜூனில் ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.